ஓடும் பட்டியும் பிணைக்கும் கைகளும்

கிராமத்து நெல்லாலைக்கு மூட்டையோடு போய், தம் முறைக்காகக் காத்திருந்தவர்களுக்கு ஓர் ஒலி நினைவிருக்கும். எஞ்சினிலிருந்து இயந்திரத்துக்குச் சுழன்றோடும் நீண்ட பட்டி, சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று ஒலிக்கும். மற்றைய இரைச்சல்களுக்கு நடுவே அந்த ஒலி மட்டும் தாளம் தவறாது கேட்டுக்கொண்டேயிருக்கும். பட்டியின் இரு முனைகளையும் இரும்புக் கொளுவிகளால் பிணைத்த இடம் கப்பியைத் தாண்டும்போது எழுகின்ற ஒலி அது. அந்தப் பிணைப்புத்தான் இன்றைய பேச்சின் பொருள். ஆனால் நெல்லாலையின் நாலங்குலப் பட்டியைப் பற்றியன்று. சுரங்கங்களிலும் கற்குழிகளிலும் மண்ணையும் கல்லையும் கரியையும் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடுகின்ற பெரும் பட்டிகளைப் பற்றியும், அவை அறும்போது அவற்றைப் பிணைக்கின்ற மனிதர்களைப் பற்றியுமே பேச எண்ணியுள்ளேன்.

இதனை ஆங்கிலப் பெயராற் கன்வேயர் பெல்ட் என்பர். தொழிலாளர் வாயிலே அது வெறும் 'பெல்ட்' என்றாகிவிட்டது. நான் பட்டி என்றே சொல்லிச் செல்கிறேன். அதன் அமைப்பு எளிதானது. இரு முனைகளும் ஒன்றாக்கப்பட்ட, முடிவில்லாத ஓர் இறப்பர் வளையம். இரு கோடியிலும் பெரிய கப்பிகள். இடையிலே பட்டியைத் தாங்குவதற்கு நூற்றுக்கணக்கான உருளைகள். ஒரு கப்பியைச் சுழற்றுவதற்கு மோட்டர். பட்டி தளர்ந்து கப்பியில் வழுக்காதிருக்கும் பொருட்டு, ஓரிடத்தில் அதனைக் கீழே இறக்கி வளைத்து, அந்த வளைவிலே பல தொன் எடையைத் தொங்கவிட்டு இறுக்கி வைப்பார்கள். இந்த எடையை நேயர்கள் மறந்துவிட வேண்டாம். சற்று நேரத்தில் மறுபடியும் அதனிடம் வருவோம். பட்டியின் உள்ளே வலுவைத் தருவது முற்காலத்தில் பருத்தித் துணி. இன்று பொலியெஸ்ரர், நைலோன் துணி அடுக்குகள். மிகப் பெரிய பட்டிகளிலே உருக்குக் கம்பி வடங்கள். மேலும் கீழும் இறப்பர்ப் போர்வை. நமது நாட்டிலே நுரைச்சோலை மின்னிலையத்துக்குக் கடற்பாலத்திலிருந்து நிலக்கரியைக் கொண்டு வருவதும் இத்தகைய பட்டிகளே.

தமிழ் பேசும் தொழிலாளர் பெருந்தொகையாக இப்பட்டிகளோடு பழகுகின்ற இடம் தமிழ்நாட்டின் நெய்வேலி. அங்கே ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழாரின் காணியிலே கிணறு தோண்டியபோது, 1930களின் நடுப்பகுதியில், கரிய நிறப் பொருள் வெளிப்பட்டது. பழுப்பு நிலக்கரி என்று பின்னர் உறுதியாயிற்று. 1956 ஆம் ஆண்டு அதற்கென ஒரு நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் 20 ஆம் திகதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடக்கிவைத்தார். 1961 ஓகஸ்ட் மாதத்தில் முதன்முறையாகக் கரி கண்ணுக்குத் தென்பட்டது. அது நிலத்தின் அடியில் நுழைந்து செல்லும் சுரங்கமன்று. மேலே கிடக்கும் மண் முழுவதையும் அகற்றிக் கரியை எடுக்கின்ற திறந்த சுரங்கம். கரிக்கு மேலே தடித்துக் கிடக்கும் மண்ணைப் பிரமாண்டமான சக்கர வெட்டிகள் வெட்டிப் போட, அதனைக் காவிச் செல்வன பட்டிகள். அவற்றிற் சில 2 மீற்றருக்கும் மேற்பட்ட அகலமுடையவை. அத்தகைய பட்டி ஒன்று அறுந்தால், வெட்டி நிற்கும், கரி நிற்கும், கரியை நம்பியிருக்கும் மின்னிலையத்துக்கும் கவலை தொடங்கிவிடும். "எப்போது ஓடும்? எப்போது ஓடும்?" என்று தொலைபேசி மணி அடித்துக்கொண்டேயிருக்கும். பட்டியைப் பிணைப்பவர்களுக்கு முதலாவது ஆபத்து அந்த மணியோசைதான் என்று சொன்னால் அது மிகையன்று.

ஆயினும் பழுதுபட்ட பட்டியைத் திருத்தாமல் ஓடவிடுவது இன்னும் கொடிது. இங்கிலாந்தின் டார்பிஷையர் பகுதியிலே கிரெஸ்வெல் என்னும் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 1950 செப்டெம்பர் 26 ஆம் திகதி அதிகாலை, நிலத்தடியில், ஒரு பட்டியிலிருந்து மற்றொரு பட்டிக்குக் கரி கொட்டும் இடத்திலே தீப்பற்றியது. நடந்தது இதுதான்: பட்டி கிழிந்தது, கிழிந்த துண்டு கொட்டுவாயினுள் சென்று அடைத்துக்கொண்டது, ஓடிக்கொண்டிருந்த பட்டி அதன்மேல் உராய்ந்து உராய்ந்து சூடேறியது, இறப்பர் பற்றிக்கொண்டது. அன்றைய பட்டிகள் சாதாரண இறப்பரால் ஆனவை. தீயைப் பட்டியே சுரங்க வழியெங்கும் எடுத்துச் சென்றது. 80 பேர் மாண்டனர். அவர்களைக் கொன்றது சுவாலையன்று. காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு. காற்றோட்டத்தோடு அது அவர்கள் வேலை செய்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. தீயை அடக்குவதற்காகச் சுரங்கத்தின் அப்பகுதியை அடைத்துவிட நேர்ந்தமையால், எஞ்சியிருந்த உடல்களை 1951 ஆம் ஆண்டிலேதான் மீட்க முடிந்தது. அதன் பின்னரே பிரித்தானியச் சுரங்கங்களில் எளிதிற் தீப்பற்றாத பீ.வீ.சீ. பட்டிகள் பரவலாயின. ஒரு கிழிவு; அதனை நேரத்தோடு கண்டு நிறுத்தியிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

சரி, பட்டியை நிறுத்தியாயிற்று. இனி என்ன ஆபத்து என்று கேட்பீர்கள்.

நிறுத்துதல் வேறு, பூட்டுதல் வேறு. பட்டியின் நீளத்துக்கு ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். ஆபத்தில் அதனை இழுத்தால் மோட்டர் நின்றுவிடும். உயிர் காக்கும் கயிறு அது, ஐயமில்லை. ஆனால் அது மோட்டருக்கு 'நில்' என்று கட்டளையிடுகின்றதேயன்றி, மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. கயிற்றை இழுத்துவிட்டுப் பட்டியின்மேல் ஏறுபவன், வேறொருவன் அந்தக் கயிற்றின் ஆளியைப் பழைய நிலைக்குத் தள்ளிவிட மாட்டான் என்ற நம்பிக்கையின்மேலே ஏறுகிறான். பட்டி வினாடிக்கு 3 மீற்றர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். விரல் நுனி உருளைக்கும் பட்டிக்கும் நடுவே அகப்பட்டது என்பதை உணர்ந்து கையை இழுக்க மனிதனுக்குக் குறைந்தது கால் வினாடி வேண்டும். அந்தக் கால் வினாடியிலே பட்டி 75 சென்ரிமீற்றர் ஓடிவிடும். விரல் நுனியிலிருந்து தோள்வரை ஏறத்தாழ அவ்வளவுதான் நீளம்.

ஆதலால் முதன்மை ஆளியையே திறந்து, அதிலே பூட்டுப் போட வேண்டும். ஒரு பூட்டல்ல, அந்தப் பட்டியிலே கைவைக்கின்ற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பூட்டு. பத்துப் பேர் வேலை செய்தால் பத்துப் பூட்டுகள் தொங்க வேண்டும். அதற்கென்றே பல துளைகளையுடைய கொக்கிகள் உண்டு. சாவி அவரவர் சட்டைப் பையிலே இருக்க வேண்டும். ஒன்பது பேர் வேலையை முடித்துத் தம் பூட்டுகளைக் கழற்றிச் சென்றாலும், பத்தாமவர் பட்டியின் அடியிலே இருக்கும்வரை பட்டி அசையாது. பூட்டிய பின்னர், மோட்டரைத் தொடக்கும் பொத்தானை வேண்டுமென்றே ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்கள். அனுபவமில்லாதவர்கள் இதனை வேடிக்கையாக எண்ணுவர். பெரிய சுரங்கங்களில் ஒரே மாதிரியான பட்டிகள் ஐந்தாறு பக்கத்திற் பக்கம் கிடக்கும். ஒன்றின் இலக்கத்துக்கு இன்னொன்றைப் பூட்டிவிடுவது நடக்கக்கூடிய தவறு. பொத்தானை அழுத்தும்போதுதான் அது வெளிப்படும்.

இவ்வளவும் மின்சாரத்தைப் பற்றியது. நான் பயிலுநனாக ஒரு கற்குழியிலே வேலை பழகிய காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கல்லை மேட்டுக்கு ஏற்றுகின்ற சாய்வான பட்டி அது. கிழிந்த பகுதியை வெட்டியெடுத்துப் புதிய துண்டு வைக்க வேண்டும். மோட்டர் பூட்டப்பட்டிருந்தது, சாவி எங்கள் மேற்பார்வையாளரின் பையிலிருந்தது. பட்டியின்மேல் ஒரு பரல் கல்கூட இல்லை. வெட்டும் இடத்துக்கு மேலும் கீழும் கவ்விகளை இட்டு, அவற்றைச் சங்கிலியால் இரும்புச் சட்டகத்தோடு பிணைத்திருந்தோம். காலையிலே மழைத்தூறல், பட்டியிலே கற்தூள் சேறாய்ப் படிந்திருந்தது. அதனைத் துடைக்காமலே கீழ்க் கவ்வியை முறுக்கிவிட்டோம். கத்தி பட்டியின் கடைசி அங்குலத்தை அறுத்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கணம் கீழ்முனை கவ்வியிலிருந்து வழுக்கிச் சரிவிலே பாய்ந்தது. என்னிலும் பத்து வயது மூத்த ஒருவர் ஒரு காலைப் பட்டிக்கும் சட்டகத்துக்கும் நடுவே ஊன்றி நின்றிருந்தார். அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. பின்னர் அவர் நடந்தார். ஆனால் கைத்தடி இல்லாமல் நடந்ததை நான் காணவில்லை. மாலையிலே மேற்பார்வையாளர் என்னை அருகே அழைத்து, "தம்பி, மின்சாரத்தைப் பூட்டினோம். பூமியின் இழுப்பைப் பூட்டவில்லை" என்றார். அவர் தம்மைத் தாமே நொந்துகொண்டு சொன்ன சொல் அது. அன்று சேற்றைத் துடைத்திருக்க வேண்டியவன் நான்.

அந்த இழுப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 30 மீற்றர் உயரத்துக்கு ஏறுகின்ற ஒரு பட்டி; அதன்மேல் மீற்றருக்கு 100 கிலோகிராம் கல் கிடக்கிறது. அது சரிவிலே பின்னோக்கி இழுக்கும் விசை, உயரத்தையும் மீற்றருக்குரிய எடையையும் பெருக்க வருவது: 3000 கிலோகிராம் எடைக்குச் சமம். பட்டி எத்தனை மீற்றர் நீளமாயினும், உராய்வை விட்டுப் பார்த்தால், கணக்கு மாறுவதில்லை. கல்லையெல்லாம் இறக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பட்டியே மீற்றருக்கு 20 கிலோகிராம் இருக்குமாயின், 600 கிலோகிராம் இழுப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. பட்டி முழு வளையமாக இருக்கும்வரை மேலோடும் பக்கமும் கீழோடும் பக்கமும் ஒன்றையொன்று சமன்செய்து நிற்கும். வெட்டிய மாத்திரத்திலே அந்தச் சமநிலை போய்விடும். இரு முனைகளும் எதிரெதிர்த் திசைகளில் ஓட முயலும். சாய்வான பட்டிகளிலே பின்னோட்டத்தைத் தடுக்கின்ற பொறி ஒன்று செலுத்துகப்பியோடு இணைந்திருக்கும். அதனை நம்பி வெட்டுகின்றவர்களும் உளர். அந்தப் பொறி கப்பியைப் பிடிக்குமேயன்றிப் பட்டியைப் பிடிப்பதில்லை. வெட்டிய பட்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இனி, தொங்கும் எடை. மோட்டர் ஓய்ந்தாலும் அது ஓய்வதில்லை. பட்டியை இறுக்கிக்கொண்டே தொங்கும். வெட்டுவதற்கு முன்னர் அந்த எடையை உயர்த்தி, சட்டகத்தோடு உறுதியான ஊசிகளாலோ உருக்கு வடத்தாலோ பிணைத்துவிட வேண்டும். அதன் கீழே எவரும் போகாதபடி வேலியிட வேண்டும். கவ்விகள் அந்தந்தப் பட்டியின் அகலத்துக்கும் இழுப்புக்கும் ஏற்ப ஆக்கப்பட்டவையாக, தாங்கும் எடை அவற்றிலேயே பொறிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். பட்டறையிற் கிடந்த இரண்டு கோணற் சட்டங்களை ஆணி முறுக்கிப் பயன்படுத்துவது எங்கும் காணப்படுகின்ற வழக்கம். அது தாங்கியதெல்லாம் நல்ல காலம் என்றே கொள்ள வேண்டும். வெட்டி முடிந்து, பிணைத்து முடிந்து, கவ்விகளைத் தளர்த்தும் நேரமும் வெட்டும் நேரத்தைப் போலவே பொல்லாதது. களைப்பும் அவசரமும் அப்போதுதான் கூடியிருக்கும். இழுப்பு மெல்ல மெல்லக் கவ்வியிலிருந்து பட்டிக்கு மாற வேண்டும். சங்கிலியின் நேர்கோட்டிலே எவரும் நிற்கலாகாது.

பிணைப்பதற்கு வருவோம். சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடுகின்ற கடையிலே நின்று பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் பாதி தெரியும். முதலில் அரத்தால் உராய்ந்து சொரசொரப்பாக்குவார். பின்னர் 'சொலூசன்' பூசுவார். அது காயும்வரை பொறுத்திருப்பார். பிறகு துண்டை வைத்து அழுத்துவார். பெரும் பட்டிக்கும் அதே வரிசைதான். வேறுபாடு என்னவென்றால், இங்கே ஒட்டின்மேல் பல தொன் இழுப்பு இரவு பகலாக இருக்கப் போகிறது.

துணி அடுக்குப் பட்டியானால், இரு முனைகளையும் படிக்கட்டுப் போல வெட்டுவார்கள். நான்கு அடுக்கு இருந்தால், மேலடுக்கு ஓரிடத்தில் முடியும், அடுத்த அடுக்கு அதிலிருந்து ஒரு சாண் தள்ளி முடியும், இவ்வாறே கீழ்வரை. மற்ற முனையின் படிகள் இவற்றிலே பொருந்தி அமரும். இங்கேதான் கத்தி பிடிப்பவரின் கை பேசுகிறது. ஓர் அடுக்கை வெட்டும்போது அதன் கீழேயுள்ள அடுக்கிலே கத்தி கீறிவிட்டால், அந்தக் கீறலிலிருந்தே பிணைப்பு அறத் தொடங்கும். கீறல் வெளியே தெரியாது. செய்தவருக்கு மட்டுமே தெரியும். நன்றாகச் செய்த பிணைப்பிலுங்கூட, ஒவ்வொரு படி விளிம்பிலும் ஓர் அடுக்கு முடிந்து மற்றொன்று தொடங்குவதால், நான்கு அடுக்கிலே மூன்றுதான் அவ்விடத்திற் சுமையைத் தாங்குகின்றன என்று கணக்கிடுவர். ஆகவே பட்டி முழுவதிலும் மெலிந்த இடம் பிணைப்பே. அதனை மேலும் மெலியவைக்க இடமில்லை.

வெட்டு நேர்குறுக்காக இருப்பதில்லை, சரிந்திருக்கும். நேர்குறுக்கான பிணைப்பு முழு அகலத்தோடும் ஒரே கணத்திற் கப்பியிலே ஏறும். நெல்லாலையில் 'டக்' என்று கேட்டது அதனாலேயே. சரிந்த பிணைப்பு ஒரு மூலையிலிருந்து சிறிது சிறிதாக ஏறி இறங்கும். இதிலே கைகளுக்கு வருகின்ற காயம் பெரும்பாலும் கத்தியால் வருவது. இறப்பரை வெட்டும் கத்தி இலகுவிற் சிக்கிக்கொள்ளும். முழுப் பலத்தோடு இழுக்கும்போது சடுதியாக விடுபடும். உடலை நோக்கி இழுக்காதே என்பதை ஆயிரம் தடவை சொன்னாலும், ஆயிரத்தோராவது தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உருக்கு வடப் பட்டியிலே ஒரு வியப்பு உண்டு. இரு முனைகளிலும் இறப்பரை உரித்து, வடங்களை வெளிப்படுத்தி, இப்பக்கத்து வடத்துக்கும் அப்பக்கத்து வடத்துக்கும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பக்கம் பக்கமாகக் கிடத்துவார்கள். வடத்துக்கும் வடத்துக்கும் முடிச்சில்லை; முறுக்கில்லை; உருக்கும் உருக்கும் தொடுவதுகூட இல்லை. நடுவிலே நிரப்பிய இறப்பர் மட்டுமே ஒன்றின் இழுப்பை மற்றொன்றுக்குக் கொடுக்கிறது. அத்தனை தொன் கரியும் ஈற்றிலே சில மில்லிமீற்றர் இறப்பரின் பிடிப்பிலே தொங்குகிறது.

அந்த இறப்பரை அவ்வளவு வலிமையுடையதாக்குவது கந்தகமும் வெப்பமும். இறப்பர் மரம் 1876 இல் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து நமது ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்தது. பாலை உறைய வைத்துத் தகடாக்கிப் பழகிய நமக்கு, பச்சை இறப்பர் வெயிலிலே இளகி ஒட்டும், குளிரிலே விறைக்கும் என்பது தெரியும். 1839 ஆம் ஆண்டு அமெரிக்கரான சார்ள்ஸ் கூட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை நீங்குவதைக் கண்டார். பிணைப்பிலே வைக்கின்ற புதிய இறப்பரும் பச்சை இறப்பரே. பட்டியின் மேலும் கீழும் சூட்டுத் தட்டுகளை வைத்து, ஏறத்தாழ 145 பாகை செல்சியசுக்குச் சூடேற்றி, அழுத்தத்திலே அரைமணி நேரம் அளவில் வைத்திருந்தால், பழைய இறப்பரும் புதிய இறப்பரும் துணியும் ஒரே உடலாகிவிடும். நேரம் பட்டியின் தடிப்பைப் பொறுத்தது. சூடு குறைந்தால் வேகாது. மிஞ்சினாற் கருகிப் பிடிப்புப் போய்விடும்.

அழுத்தம் என்றேனல்லவா? அதன் அளவைச் சொன்னாற் சிலர் நம்பமாட்டார்கள். சதுர சென்ரிமீற்றருக்கு 7 கிலோகிராம் என்பது வழக்கமான ஓர் அளவு. ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் உள்ள தட்டிலே அது 70 தொன் ஆகும். நீரோ காற்றோ நிரப்பிய பையொன்று அந்த அழுத்தத்தைக் கொடுக்க, மேலும் கீழும் குறுக்கே கிடக்கும் சட்டங்களும், அவற்றை இணைக்கும் திருகாணிகளும் அதனைத் தாங்கி நிற்கின்றன. ஒரு திருகாணி தொலைந்துவிட்டது, மற்றவை போதும் என்று வேலை செய்தால், எழுபது தொன்னும் மற்றவற்றின்மேலே பங்கிடப்படும். காற்று நிரப்பிய பை வெடித்தால் வெடிகுண்டுக்கு ஒப்பாகும்; நீரானால் அமுக்கம் ஒரு பீச்சலோடு அடங்கிவிடும். எனவே இயன்ற இடத்திலெல்லாம் நீரையே விரும்புவேன். எதுவாயினும், அழுத்தம் ஏறியிருக்கும் வேளையிலே தட்டின் ஓரத்திற் குனிந்து பார்ப்பதும், அதன்மேல் அமர்ந்து தேநீர் குடிப்பதும் ஆகாத காரியங்கள். இரண்டையும் கண்டிருக்கிறேன். அழுத்தத்தை இறக்காமற் திருகாணியைத் தொடக்கூடாது. பிணைப்பு ஆறாமல் அழுத்தத்தை இறக்கக்கூடாது. சூடாக இருக்கும்போது அழுத்தத்தை விட்டால், உள்ளே அகப்பட்ட ஆவி கொப்புளங்களாக எழும்பி அடுக்குகளைப் பிரித்துவிடும்.

ஈரம் இவ்வேலைக்குப் பரம விரோதி. துணியிலே ஒரு துளி நீர் இருந்தாலும் 145 பாகையில் அது ஆவியாகும். ஆகவே பிணைக்கும் இடத்தின்மேல் கூடாரம் அடிப்பார்கள். வடகீழ்ப் பருவக்காற்றின்போது நெய்வேலி போன்ற இடத்திலே இது எவ்வளவு தொல்லை என்பதை நமது கிழக்குக் கரையார்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. கூடாரம் மழையைத் தடுக்கிறது. அதே கூடாரம் பசையின் ஆவியையும் உள்ளே அடைத்துவைக்கிறது. பசையிலே கலந்துள்ள நப்தா, தொலுவீன் போன்ற திரவங்களின் ஆவி காற்றிலும் பாரமானது. பட்டியின் அடியிலும் குழிகளிலும் போய்த் தேங்கும். அங்கே ஒரு பீடி போதும். பட்டியை உராய்கின்ற மின்கருவியின் பொறியும் போதும். தலை சுற்றுகிறது, சிரிப்பு வருகிறது என்றாற் களைப்பு என்று எண்ணாமல் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும். முற்காலத்தில் இறப்பர்ப் பசைகளிலே பென்சீன் தாராளமாகக் கலக்கப்பட்டது. அது எலும்பு மச்சையைத் தாக்கி இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று பின்னர் தெளிவாயிற்று. தீப்பற்றாதது என்று சொல்லி அதன் இடத்திலே பல இடங்களிற் பயன்படுத்திய திரைகுளோரோ எதிலீனையும், 2012 ஆம் ஆண்டிலே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் மனிதருக்குப் புற்றுநோய் தருவனவற்றின் முதலாம் தொகுதியிற் சேர்த்தது. பசை வாளியின் மேலுள்ள சிறிய எழுத்துகளைப் படிக்கின்ற வழக்கம் நம்மவரிடையே குறைவு. படிக்க முடியாதவருக்குப் படித்துச் சொல்லவேண்டியது மேற்பார்வையாளரின் கடன்.

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்திலோ நிலைமை வேறு. அங்கே மீதேன் வாயு உண்டு. காற்றிலே அது நூற்றுக்கு 5 முதல் 15 பங்குவரை கலந்திருக்கும்போது வெடிக்கும். சூட்டுத் தட்டுக்குரிய மின்கருவிகள் அத்தகைய இடத்துக்கென அங்கீகரிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். வாயுவை அளந்து பார்த்த பின்னரே வேலை தொடங்க வேண்டும். இந்தத் தொல்லையாலே பல சுரங்கங்களில் உலோகக் கொளுவிகளையே நாடுகின்றனர். அரைமணி, ஒருமணி நேரத்தில் பட்டி ஓடும். கொளுவியை நான் இகழவில்லை. அவசரத்துக்கு அது நல்ல நண்பன். ஆயின் அதன் வலிமை குறைவு. அதன் இடுக்குகளால் தூள் சிந்தும். கொளுவி ஒன்று கழன்று நின்றால் பட்டியைத் துடைக்கும் தகட்டையும் கிழித்துப் பட்டியையும் கிழிக்கும். 'இன்றைக்கு மட்டும்' என்று போட்ட கொளுவி, அடுத்த ஆண்டும் அதே இடத்திலே தேய்ந்துகொண்டிருப்பதைக் காணும்போதுதான் எனக்குக் கோபம் வரும்.

பிணைப்பு கோணலாக அமைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பட்டி ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒதுங்கிச் சட்டகத்திலே உராயும். 2006 சனவரி 19 ஆம் திகதி அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவிலே அரகோமா என்னும் நிலக்கரிச் சுரங்கத்தில், நேர்கோட்டிலிருந்து விலகி ஓடிய பட்டி உராய்ந்து தீப்பற்றியது. இருவர் புகையிலே வழிதவறி இறந்தனர். கிரெஸ்வெல் நடந்து ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், அதே பட்டி, அதே உராய்வு. 2008 ஆம் ஆண்டின் இறுதியிலே அந்நாட்டு அரசு நிலத்தடிப் பட்டிகளின் தீத்தடுப்பு விதிகளைக் கடுமையாக்கியது. ஆகவே முனைகளைப் பொருத்துமுன், இரு பக்கமும் பல மீற்றர் தூரத்துக்குப் பட்டியின் நடுக்கோட்டை நூல் பிடித்துக் குறித்து, அவை ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பார்ப்பார்கள். அரைமணி நேரம் பிடிக்கும் வேலை. தொலைபேசி மணி அடிக்கும்போது முதலிலே கைவிடப்படுவதும் அதுவே.

எல்லாம் முடிந்த பின்னர், பிணைப்பின் இரு புறத்திலும் குறுக்கே கோடு கீறி, நடுத் தூரத்தை அளந்து எழுதிவைப்பது நல்ல வழக்கம். வாரங்கள் கழித்து மறுபடி அளக்கும்போது அத்தூரம் கூடியிருந்தால், உள்ளே ஏதோ வழுக்கத் தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். பட்டியின் ஓரத்திலே திகதியையும் எழுதுவார்கள். பிறகு கத்திகளையும் கருவிகளையும் எண்ணி எடுக்க வேண்டும்; ஆட்களையும் எண்ண வேண்டும். கவ்விகள் கழற்றப்பட்டு, எடை மெல்ல இறக்கப்பட்டு, கடைசி மனிதன் தன் பூட்டைத் தானே வந்து திறக்கும்வரை எவரும் ஆளியைத் தொடமாட்டார்கள். எச்சரிக்கை மணி ஒலிக்கும். பட்டி வெறுமையாகவே நாலைந்து சுற்று ஓடும். பிணைத்தவர்கள் தள்ளி நின்று, தாங்கள் செய்த அந்தச் சரிந்த கோடு கப்பியிலே ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நன்றாக வேலை செய்திருந்தால், அவ்விடம் தாண்டும்போது ஓர் ஒலியும் கேட்காது.